முதுகில் மூன்று வட்டங்கள்

வட்டக்கானலில் நான் வாடகைக்கு இருந்த அறைக்குக் கீழே வீட்டுக்கார அக்கா குடியிருந்தார். பக்கத்து இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுவார். எனக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை; யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு நாளை முடித்துவிடலாம்.

உடம்பில் அரிக்கும் தடிப்புகள் வரத் தொடங்கிய ஏழாவது வாரம், அக்கா மாடியேறி வந்து வாசலோடு நின்றுகொண்டார்.

"ஏம்மா, போன வாரம் ஒங்க கையெல்லாம் தடிச்சுக் கெடந்துச்சே, கம்பளியில மூட்டப்பூச்சி கெடக்கா? சீசன் வருது. ஒரு ஆளு நெட்டுல எழுதிட்டா என் சோலி முடிஞ்சிரும். ஞாயித்துக்கெழம ரூமக் காலி பண்ணிருங்க."

"பூச்சி இல்லக்கா. டாக்டர் பாத்துட்டாரு."

"டாக்டரு ஒங்க கட்டில்லயா படுத்தாரு?"

சீசன் நேரத்தில் அந்த வாடகைக்கு வேறு அறை கிடைக்காது. மருத்துவர் சொன்னதை நோட்டில் வரிசையாக எழுதியிருந்தேன். பூச்சிக்கடி அதே இடத்தில் பல நாள் நிற்கும். சிரங்கு விரலிடுக்கில் வரும், அடுத்தவருக்கு ஒட்டும். எனக்கு வந்த காணாக்கடித் தடிப்பு ஒட்டாது, இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு நாளுக்குள் சுவடில்லாமல் மறையும். ஆறு வாரம் தாண்டினால் நாள்பட்டது. மறையாமல் நின்று, கன்றிய கறை விட்டால் அது ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம். தோலில் துளி வெட்டிச் சோதிக்க வேண்டும். அதனால் தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, நேரம் குறிக்கச் சொல்லியிருந்தார்.

கைகளில் குறித்தவை எல்லாம் மறைந்துவிட்டன. அந்த வாரமோ அத்தனையும் முதுகில். கண்ணாடி முன் வளைந்து பார்த்தும் பேனா எட்டவில்லை. நோட்டில் முதுகு என்ற வரிக்கு எதிரே மட்டும் காலியாக இருந்தது.

"நீங்களே வட்டம் போடுங்கக்கா. நாளைக்கு இதே நேரம் வந்து பாருங்க. அப்படியே இருந்துச்சுன்னா நாளைக்கே போயிர்றேன்."

"ஒட்டுமா?"

"ஒட்டாது."

கையை முழுதாக நீட்டி, பேனா முனை மட்டும் படும்படி மூன்று வட்டம் போட்டார்.

மறுநாள் அதே பதினோரு மணிக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது, வட்டம் கெடக்கு, உள்ள ஒண்ணையுங் காணோம்! இங்கன ரெண்டு புதுசா வந்திருக்கு."

"கறை இருக்கா?"

உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கரகரப்பான, சூடான கை. நான் இந்த மலைக்கு வந்த பிறகு யாரும் என்னைத் தொட்டதில்லை.

"ஒண்ணுமில்ல. வழுவழுன்னு கெடக்கு."

"இன்னொரு தடவ பாருங்கக்கா."

பார்த்தார்.

"பூச்சி இல்லதான். இருந்துக்கங்க. வெரசா சட்டையப் போடுங்க, குளிருது. அடுப்புல சோறு கெடக்கு."

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை நான் சட்டையைப் போடவில்லை.