குணா மறைத்த குமட்டல்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் குணாவின் தங்கை கூப்பிட்டாள். "அக்கா, அண்ணன் செமோர் ரோட்டுல லாரியில மோதிட்டாரு. போயிட்டாருக்கா." இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் ஈப்போவில் என் பக்கத்தில் உட்கார்ந்து சிமுலேட்டர் ஓட்டினான்.

எங்களோடு விமானப் பயிற்சியில் இருந்த உங்களுக்கெல்லாம் அவன் சிரிப்பு தெரியும். அவன் சட்டைப்பையிலிருந்த மாத்திரை எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் நாளே ஆரம்பித்தது. நாற்காலி அசையாது, திரையில் மட்டும் பூமி சாயும். ஐந்தே நிமிடத்தில் அவன் கழுத்தெல்லாம் வியர்வை. "அக்கா, உடம்பு இங்க இருக்கு, தலை எங்கயோ போவுது லா" என்று முணுமுணுத்தான். கழிவறையில் சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அதே வேலையாகத்தான் இருந்தேன்.

"குமட்டினா சொல்லுங்க, நிறுத்திடலாம். கொஞ்சம் கொஞ்சமா பழகிடும்" என்று பயிற்சியாளர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நாங்கள் வாயே திறக்கவில்லை. எனக்கு வீம்பு.

அவனுக்குக் காரணம் வேறு. அவன் குடும்பம் வேலை பார்த்த ரப்பர் தோட்டம் போய் வீடுகள் வந்த பிறகும் தோட்டத்து ஆட்கள் அம்மன் கோயிலை விடவில்லை. வெள்ளிக்கிழமை அர்ச்சனையில் பூசாரி "பைலட் குணசேகரன்" என்றே பெயர் சொல்வார். பயிற்சி பாதிகூட முடிந்திருக்கவில்லை. "சாமிகிட்டயே சொல்லிட்டாங்கக்கா. இனிமே எனக்கு ஒத்துக்கலன்னு யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டான். நான் சிரித்தேன்.

பிறகுதான் மாத்திரை வந்தது, பஸ்ஸில் வாந்தி வராமலிருக்கப் போடுவது. ஒன்று இரண்டாயிற்று. குமட்டல் நின்றது, தூக்கம் கண்ணைச் செருகியது. பயிற்சி முடிந்ததும் அவன் மோட்டார் சைக்கிள் சாவியை நான் வாங்கி வைத்துக்கொள்வேன். முகம் தெளிந்த பிறகுதான் கொடுப்பேன். ஒருநாள் தலைக்கவசத்தைப் பின்பக்கம் முன்னாக மாட்டிக்கொண்டு நின்றான். "ஒண்ணும் ஆவாதுக்கா, சும்மா பயப்படாதீங்க" என்றான். அன்றே பயிற்சியாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் வண்டவாளமும் வெளியே வந்துவிடும் என்று பேசாமலிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கும் தலைசுற்றல், பெஞ்சில் படுத்திருந்தேன். "மழைக்கு முன்னாடி போயிடறேன்க்கா" என்று கை நீட்டினான். கண்ணைத் திறக்காமலே சாவியைக் கொடுத்துவிட்டேன், பாவி. மாத்திரைதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. என் மனசுக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, 'போதும்யா, வீட்டுக்கு வந்துரு'ன்னு சொல்லியிருப்பேனேம்மா" என்றார். அவ்வளவுதான்.

அவனால் சொல்ல முடியாமல் போன ஒரு வாக்கியம் இருக்கிறது. அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். நேற்று சிமுலேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தமாகச் சொன்னேன்: "நிறுத்துங்க சார், எனக்குக் குமட்டுது." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.