ஸ்ரீரங்கத்தில் ஆறு வாய் புளியோதரை

அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் கழித்து, போன பங்குனியில், நானும் மனைவி கல்யாணியும் தஞ்சாவூரிலிருந்து ஸ்ரீரங்கம் போய் வந்தோம். வீட்டில் சாமி கும்பிடத்தான் என்று சொன்னேன். உண்மையில் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்: சாப்பாட்டில் எனக்கு இன்னும் சந்தோஷம் மிச்சமிருக்கிறதா?

நூற்று நாற்பத்திரண்டு கிலோ இருந்தவன் நான். வயிற்றிலிருந்து மூளைக்குப் பசியைச் சொல்லும் நரம்பை அடக்கி வைக்க, விலாவுக்குக் கீழே சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். இப்போது நூற்றுப் பதினெட்டு. எட்டு இட்லி கேட்ட வயிறு ஒன்றரையிலேயே போதும் என்கிறது. பசியே தெரியாததால் சாப்பிடவும் தண்ணீர் குடிக்கவும் போனில் அலாரம். அலாரம் அடித்தால் மருந்து மாதிரி விழுங்குவேன். இனி காலம் முழுக்க இப்படித்தானோ என்று பயமாக இருந்தது.

காலை 6.40 பாசஞ்சர், ஆளுக்கு 15 ரூபாய். எட்டு மணிக்குத் திருச்சி ஜங்ஷன். அங்கிருந்து கோயில் ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ 250 ரூபாய். முன்பெல்லாம் ஆட்டோக்காரர்கள் என்னைப் பார்த்ததும் டயரைப் பார்ப்பார்கள். இவர் “ஏறுங்க சார்” என்றதோடு சரி. அந்தச் சந்தோஷத்தில் ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்கப் போனேன், கல்யாணி முறைத்தாள்.

இலவச தரிசன வரிசையில் ஒன்றேகால் மணி நேரம். நடுவில் என் அலாரம் அலற, எல்லோரும் திரும்பிப் பார்க்க, நான் அசடு வழிந்துகொண்டே இரண்டு மடக்கு தண்ணீர் குடித்தேன்.

பிரசாதக் கடையில்தான் சொதப்பினேன். பழக்க தோஷத்தில் வாய் தானாக “நாலு புளியோதரை” என்றது. 120 ரூபாய். தூணோரம் உட்கார்ந்து முதல் வாயை மெதுவாக மென்றேன். வறுத்த எள், கொஞ்சம் வெந்தயக் கசப்பு, அப்புறம் புளிப்பு. இத்தனை வருடம் அள்ளி அள்ளிப் போட்டதில் வெந்தயம் இருப்பதே எனக்குத் தெரியாது! கண் கலங்கிவிட்டது. ருசி எங்கேயும் போய்விடவில்லை. ஆறாவது வாயில் வயிறு நிறைந்தது.

மிச்சம் மூன்றே முக்கால் தொன்னை. பிரசாதத்தை வீணாக்க முடியுமா? இரண்டைக் கட்டிக்கொண்டோம். கல்யாணி தன் தொன்னையை முடித்துவிட்டு என்னுடையதையும் இழுத்துக்கொண்டாள்.

“இவ்வளவு பிடிக்குமா உனக்கு?”

“உசிருங்க. நீங்க முடிச்சிட்டு என் தொன்னையையே பார்ப்பீங்களா, பாவமா இருக்கும். உங்க பக்கம் தள்ளிடுவேன். முழுசா ஒண்ணு சாப்பிட்டது இன்னிக்குத்தான்.”

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம்.

என்னைப் போல் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தண்ணீர் பாட்டிலோடு போங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், சோடா வேண்டவே வேண்டாம் என்பது என் டாக்டர் சொன்னது. உங்கள் டாக்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன் பத்து மணிக்குள் உள்ளே போய்விடுவது நல்லது. புளியோதரை ஆளுக்கு ஒன்று போதும். உங்களுக்கு ஆறு வாயில் நிறைந்துவிட்டால் எழுந்துவிடாதீர்கள். கூட வந்தவர் கடைசிப் பருக்கை வரை சாப்பிடட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.