பிரசாதம் சாப்பாட்டில் சேர்த்தியா?

இந்த ஊரில் நோயாளிக்கு, “ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடாதீர்கள்” என்று தபாலில் ஒரு தாள் போகிறது. அவ்வளவுதான். அவர்களும் சொன்னபடியே வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறார்கள். மூன்று வருஷமாக இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறேன், எனக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொருவரையும் துருவித் துருவிக் கேட்கிறேன்.

நேற்று குடல் எக்ஸ்ரேக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்திருந்தார். சுண்ணாம்புக் கரைசல் மாதிரி இருக்கும் பேரியத்தைக் குடித்தால், அது குடலில் இறங்குவதை டாக்டர் திரையில் பார்ப்பார். கவுனின் நாடாவைக் கட்டிக்கொண்டே, “காலையில் சர்ச்சுக்குப் போனீர்களா?” என்றேன். அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. “ஏன்? என் நிலைமை அவ்வளவு மோசமா?” என்றார். வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

இங்கே வருமுன் திருச்சியில் பாலக்கரை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் இதே வேலைதான் செய்துகொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஆறு மாத வயிற்றுவலியில் ஆள் பாதியாகியிருந்தார். குடலில் கட்டி இருக்கிறதா இல்லையா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

“ஒண்ணும் சாப்பிடலையே சாமி?”

“எங்காத்துல பச்சைத் தண்ணிகூடத் தொடலைம்மா.”

திரையில் பார்த்தால் இரைப்பை நிறைய என்னவோ கிடக்கிறது! டாக்டர் கத்தின கத்தல் வராந்தா வரை கேட்டது. பெரியவர் மட்டும் அசரவில்லை.

“காலம்பற கோவில்ல பொங்கல் குடுத்தா. பெருமாள் பிரசாதம்மா! அதைப் போய் சாப்பாட்டுல சேர்ப்பாளோ?”

சோதனையை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். அப்போதுதான் அவர் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். “செவ்வாய்க்கிழமை வாங்க சாமி, நான் பக்கத்துலயே நிக்கிறேன்” என்றேன். “நீ இருந்தா சரிம்மா” என்று போனார். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் பம்பாயில் கப்பலேறப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று எழுதிக் கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று அந்த அம்மாளின் பயம் தெளியட்டும் என்று பொங்கல் கதையைச் சொன்னேன். “கோயிலில் சாப்பாடு போடுவார்களா? எங்கள் சர்ச்சில் திட்டுதான் கிடைக்கும்!” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, “அந்தப் பெரியவர் பிழைத்தாரா?” என்று கேட்டார்.

அதற்குள் திரையில் படம் தெரிவதற்காக அறை விளக்கை அணைத்துவிட்டார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்ரீரங்கத்துக்காரருக்குக் கொடுத்த வாக்கை, கடல் தாண்டி வந்து யாரோ ஒரு அம்மாளுக்குக் காப்பாற்றிக்கொண்டு, பக்கத்திலேயே நின்றேன்.