என் வயலில் இறங்கிய வெளிநாட்டு ஹெலிகாப்டர்

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம், பூம்புகார் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது இது. அண்ணன்மார் இருவரும் வெளிநாடு போய்விட, வீட்டில் நானும் பூட்டும்தான் மிச்சம். எனக்கும் வளைகுடா விசா வந்திருந்தது. இரண்டு வாரத்தில் பயணம்.

அன்று காலை, உழுது போட்டிருந்த என் வயலில் ஒரு ராணுவ ஹெலிகாப்டர் இறங்கியது. கடலில் கூட்டுப் பயிற்சிக்கு வந்த வெளிநாட்டுக் கடற்படையுடையதாம். இன்ஜின் கோளாறு. ஒரே ஒரு விமானி. போலீஸ் வந்து சுற்றிலும் கயிறு கட்டியது.

"ரெண்டு நாட்டு அதிகாரிங்களும் வந்து பேசுற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது. அவரும் வெளில வரக்கூடாது" என்றார் தாசில்தார்.

"வரப்புத் தகராறுன்னா நீங்களே அளந்துடுவீங்க. இதுக்கு டெல்லிதான் வரணுமா சார்?" என்றேன். கூட்டம் சிரித்தது. விமானி மட்டும் வரப்பில் தனியாக உட்கார்ந்து, சிரிப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு என் சிரிப்பு நின்றது. அன்று வாய்க்காலில் என் முறைத் தண்ணீர். விடியற்காலையிலேயே மடையைத் திறந்து வைத்தவன், ஹெலிகாப்டரைப் பார்த்ததும் மறந்தே போனேன். இப்போதுதான் தண்ணீர் வாய்க்காலில் வந்து சேர்ந்து, வயலுக்குள் பரவத் தொடங்கியது. மடையோ கயிற்றுக்கு உள்ளே! சக்கரம் புதைந்தால் என்னை நாசகாரன் என்பார்கள், விசா போச்சு. மனதுக்குள் இரண்டு நாட்டுக்கும் போரே மூண்டுவிட்டது.

"யோவ், தாண்டுன... உள்ள தள்ளிடுவேன்!" என்று கான்ஸ்டபிள் கத்தக் கத்தப் பாய்ந்தேன். விமானி என்னை நோக்கி ஓடி வந்தார். சுடப்போகிறார் என்று இரண்டு கையையும் தூக்கினேன். அவரோ குனிந்து சேற்றை அள்ளினார். இருவருமாக மடையை அடைத்தோம். கான்ஸ்டபிள் என்னைப் பிடரியில் பிடித்து வெளியே தள்ளினார்.

சாப்பாட்டு வேளையில் கூட்டம் கலைந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். சோறு வைத்துக் காத்திருக்க எனக்கும் யாருமில்லை.

மாலையில் இரு நாட்டு அதிகாரிகளும் வந்தார்கள்.

"தண்ணி விட்டது யாருய்யா?" என்றார் தாசில்தார்.

"நான்தாங்க. மொறைத் தண்ணிங்க சார். சதியெல்லாம் இல்லைங்க..." அழாத குறை.

விமானி அதிகாரிகளிடம் ஏதோ சொன்னார். தாசில்தார் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஊரே வேடிக்கை பாத்துச்சாம். கிட்ட வந்தது நீ ஒருத்தன்தானாம். நன்றி சொல்லச் சொல்றாரு."

விசா தப்பியது. நான் ஓடியதே அந்த விசாவுக்காகத்தான் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. இன்றும் எங்காவது ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தால், தீப்பெட்டி கேட்கும் சாக்கிலாவது பக்கத்தில் போய் நிற்கிறேன். எனக்குப் புகைப் பழக்கமே கிடையாது.