குடி வைத்தவன் பட்ட பாடு

வீட்டை வாடகைக்கு விட்டவன் கண்ணுக்கு, குடிவந்தவர் தும்மினால்கூடப் பட்டாவில் பேர் மாற்றத்தான் தும்முகிறார் என்று தோன்றும். என்னைப் போல வீடு விட்டு நொந்துபோன ஓனர்களே, இல்லையென்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்!

சிதம்பரத்தில் நாங்கள் கட்டிய வீட்டில் பெயின்ட் வாசனை போவதற்குள் என் மனைவி வசந்திக்குக் கடலூருக்கு டிரான்ஸ்பர். எங்களுக்கு இருக்கிற ஒரே சொத்து அந்த வீடு. குடிவந்தவர் காலி பண்ண மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால், ரிட்டயரானதும் பெட்டி படுக்கையோடு நாங்கள் எங்கே போய் நிற்பது? அந்தப் பயம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது.

இன்டர்வியூ

பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிற செல்வம், தன் மனைவி மகேஸ்வரியோடு வீடு பார்க்க வந்தார். மகேஸ்வரிக்குப் பண்ருட்டிப் பக்கம். நான் விடுவேனா? சொந்த ஊர் எது, பழைய வீட்டை ஏன் காலி பண்ணினீர்கள், சொந்தக்காரர்கள் வந்தால் எத்தனை நாள் தங்குவார்கள், குடும்பத்தில் வக்கீல் யாராவது உண்டா என்று துருவித் துருவிக் கேட்டேன். வக்கீல் இருந்தால் வம்பு பாருங்கள்! மனுஷர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"சார், வீடு குடுக்குறீங்களா, பொண்ணு குடுக்குறீங்களா?"

டொக், டொக்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது நான் போட்ட முதல் கண்டிஷன். வீட்டை ஒட்டிய மனையில் மாடு கட்டியிருந்த என் மச்சான் குமாரிடம், "போக வர ஒரு கண்ணு வெச்சுக்க" என்று சொல்லியிருந்தேன். ஒருநாள் போன் பண்ணினான். "மாமா, உள்ள டொக்கு டொக்குன்னு ஒரே சத்தம். செவுத்த ஒடைக்கிறாங்க போல!"

போட்ட சட்டையோடு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் மகேஸ்வரி பின்கட்டில் சாக்கு விரித்து உட்கார்ந்து, அம்மா வீட்டிலிருந்து வந்த முந்திரிக்கொட்டையை வறுத்துக் கட்டையால் தட்டிக்கொண்டிருக்கிறது. நான் சுவரையும் அந்தக் கட்டையையும் மாறி மாறிப் பார்ப்பதைப் பார்த்து, உடைத்த பருப்பை நீட்டியது.

"ஆணி இல்லீங்க சார், முந்திரி. வாயில போட்டுப் பாருங்க, சந்தேகம் போயிடும்."

பலாக்கன்று

அடுத்த தடவை போனபோது கிணற்றடியில் ஒரு பலாக்கன்று! எனக்குப் பகீரென்றது. கீரை விதைத்தவரை நம்பலாம், பலா வைத்தவர் லேசில் கிளம்புவாரா? அது காய்த்து, பழுத்து, இவர்கள் அறுத்துத் தின்கிற வரைக்கும் என் வீடு எனக்கில்லை என்றுதானே அர்த்தம்? "யாரைக் கேட்டு வெச்சீங்க?" என்று செல்வத்திடம் குதித்தேன்.

"பழம் தின்னுட்டு கொட்டயப் போட்டோம் சார், அதுவா மொளச்சிது. நாங்க போனப்புறம் நீங்கதான திங்கப் போறீங்க!"

காலி

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "இந்த மாசத்தோட காலி பண்ணிக்கிறோம் சார்" என்றார் செல்வம். நான் சந்தோஷப்பட வேண்டியவன்தானே? மாட்டேனே! இவ்வளவு நல்ல வீட்டை ஒருத்தர் கேட்காமலே விட்டுப் போகிறார் என்றால் வீட்டில் ஏதோ கோளாறு என்று பட்டது. குழாயைத் திறந்து பார்த்தேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன். தளத்தில் ஒழுகுகிறதா என்று மாடியேறிப் பார்த்தேன். பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த மகேஸ்வரி கடைசியில் வாயைத் திறந்தது.

"வூட்ல ஒரு கொறையும் இல்லீங்க. இவரு பொழுதுக்கும் படகுல கெடக்குறாரு. தனியா இருக்கறப்ப ஒங்க மச்சான் செவுத்துமேல எட்டி எட்டிப் பாக்குறாரு. துணி காயப்போடக்கூட வெளிய வர பயமா இருக்குது."

எனக்கு முகம் செத்துப்போய்விட்டது. அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை. மச்சானைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன், அவனைக் காவலுக்கு நிற்க வைத்ததே நான்தான் என்றாலும். கடலூர் திரும்பி, "வீட்லதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்" என்று வசந்தியிடம் இழுத்தேன். அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"கோளாறு வூட்ல இல்ல. கடலூர்லேருந்து பஸ் ஏறி வருது."

யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் வீடு இப்போது பத்திரமாகத்தான் இருக்கிறது, தெருவே பேசிக்கொண்டதில் ஒருத்தரும் குடிவர மாட்டேன் என்கிறார்கள், அவ்வளவுதான்.