நகரியிலிருந்து வந்த மொட்டைத்தலைக்காரர்

திருப்பதியில் மொட்டைத் தலையை யார் கவனிப்பார்கள்? எங்கள் டி.என்.ஏ. லேபுக்கு வந்த நகரி விசைத்தறிக்காரரையும் மலையிலிருந்து இறங்கியவர் என்றே நினைத்தேன். தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அது மகனுக்குக் கொள்ளி வைத்த மொட்டை. பெங்களூருக்கு வேலைக்குப் போனவன் காணாமற்போக, முகம் சிதைந்த ஓர் உடலைச் சட்டையை வைத்து அவன்தான் என்று நம்பியிருக்கிறார். உறுதிசெய்துகொள்ள, எரிக்கும் முன் போலீஸ் எடுத்துவைத்த சதைத் துணுக்கோடு அவர் ரத்தத்தை ஒப்பிட்டோம்.

'புரோப்' என்னும் சிறு டி.என்.ஏ. துண்டு, தன் ஜோடி இருக்கும் இடத்தில்தான் ஒட்டும். ஒட்டிய இடம் எக்ஸ்ரே பிலிமில் கறுப்புக் கோடாகத் தெரியும். மகனின் கோடுகளில் பாதி அப்பாவுடையதோடு சேர வேண்டும்; இங்கே சேரவில்லை.

"அது உங்க பையன் இல்லைங்க" என்றேன்.

தடவிய கை நின்றது. "அப்ப நான் எரிச்சது யாரு புள்ளைய சார்? அவன் நைனா இன்னும் தேடிக்கினு இருப்பாரே!"

அந்த நைனா இன்றுவரை வரவில்லை. பிலிமை நான் தூக்கிப்போடவும் இல்லை.