தங்கம்மா நின்ற பிணை

இராசாத்திக்குப் பொய் சொல்ல வராது. முயன்றால் கழுத்துச் சிவக்கும், வாய் தடக்கும். முல்லைத்தீவுக் கரையில் இருந்த காலத்தில் மீன் எப்போது பிடிபட்டது என்று வியாபாரிகள் அவள் புருசன் யாக்கோப்பிடம் கேட்பதில்லை, அவளிடம்தான் கேட்பார்கள். "நேற்றையான்" என்று சொல்லிவிடுவாள். "இவளை வைச்சுக்கொண்டு நான் உழைச்ச மாதிரித்தான்" என்று யாக்கோப்பு தலையில் அடித்துக்கொள்வான்.

சண்டையில் கரையை விட்டு முள்ளியவளைக்கு வந்தபோது, தங்கம்மா தன் வளவு மூலையில் ஓலைக் கொட்டில் போட்டுக்கொள்ள இடம் கொடுத்தாள். தனியாக இருக்கிற மனுசி, கோயில் விரதம் என்று திரிகிறவள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரரை வளவுக்குள் விட்டதற்கு அயலில் கதை வந்தது. "அவளின்ர முகத்தைப் பாருங்கோ. ஒண்டையும் ஒளிக்கத் தெரியாத முகம்" என்று அவர்களின் வாயை அடைத்தாள். இராசாத்தியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வெள்ளிக்கிழமையில மட்டும் மீன் பொரியாதையடி. எனக்கு வாயூறுது."

தொண்ணூற்று நாலாம் ஆண்டு தொடக்கத்தில் மகள் டிலுசாவுக்குக் காதுவலி வந்தது. பதினேழு வயது. பின்னேரமானால் வலது காதைப் பொத்திக்கொண்டு பாயில் சுருண்டுவிடுவாள். இராசாத்தி உள்ளி தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டாள். அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். தங்கம்மா தன் பங்குக்குத் திருநீறு பூசிவிட்டாள். ஒன்றுக்கும் வலி குறையவில்லை. வவுனியாவில் காதுக்கென்றே ஒரு டொக்டர் இருக்கிறார், காட்டினால் என்ன என்று யாக்கோப்பு ஒருநாள் மெல்லத் தொடங்கினான்.

வவுனியாவுக்குப் போவதென்றால் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருந்த இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று காணி வீடு உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். வராவிட்டால் விசாரணை பிணை நின்றவருக்கு. அதன் பிறகு அவருக்குப் பாஸும் கிடையாது. குமர்ப்பிள்ளைகள் என்றால் இன்னும் இறுக்கம். கொட்டிலில் இருக்கிறவர்களை நம்பி யார் நிற்பார்கள்?

தங்கம்மா தானாகவே வந்தாள். அவளுக்கும் இரண்டு கண்ணிலும் வெண்படலம் விழுந்திருந்தது. வைகாசியில் வவுனியாவில் ஒப்பரேசனுக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். பாஸ் கந்தோரில் இருந்த இயக்கப் பெடியன் அதையும் விசாரித்துவிட்டுச் சொன்னான்:

"அம்மா, இது பொம்பிளைப்பிள்ளை. வராட்டில் உங்கட கண்ணும் போச்சு. யோசிச்சு நில்லுங்கோ."

"தாயைப் பார் தம்பி. அவள் பின்னேரம் வாறன் எண்டால் வருவாள்."

"ரெண்டு பேரும் வருவம்" என்றாள் இராசாத்தி. கழுத்துச் சிவக்கவில்லை. வாயும் தடக்கவில்லை. பெடியன் எழுதிக் கொடுத்தான்.

விடியப்புறமே பஸ். பெற்றோல் இல்லாத காலம். மண்ணெண்ணெயில் ஓடுகிற பஸ் இருமி இருமிப் புறப்பட்டது. யாக்கோப்பு வழியனுப்ப வந்து மகளின் தலையில் கையை வைத்தவன் எடுக்காமல் நின்றான். "ஆஸ்பத்திரிக்குத்தானே போறம், அமெரிக்காவுக்கே?" என்று இராசாத்தி சிரித்தாள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம். பிறகு இறங்கி வெட்டவெளியில் நடை. தாண்டிக்குளத்தில் ஆமி பையைக் கிளறிவிட்டு, பின்னேரம் திரும்ப வேண்டுமென்று சொல்லி ஒருநாள் பாஸ் கொடுத்தது. அங்கிருந்து இன்னொரு பஸ். அதில் மண்ணெண்ணெய் மணமில்லை. டிலுசா யன்னலோரம் இருந்து கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். காதில் கை வைக்கவேயில்லை. புதினம் பார்க்கிறதில் பிள்ளைக்கு நோ மறந்துவிட்டது என்று இராசாத்தி நினைத்தாள்.

டொக்டர் ஒரு காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மற்றதையும் பார்த்தார்.

"ஒரு வருத்தமும் இல்லை. நல்ல சுத்தமான காது."

இராசாத்தி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வெளியே வந்தால் வாசலில் றெஜி நிற்கிறான். அவளுடைய தம்பி, வவுனியாவில் லொறி ஓடுகிறவன். தாங்கள் வருவதாக அவள் அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

"காதுக்கு ஒண்டுமில்லையாமடா!" என்றாள்.

றெஜி டிலுசாவைப் பார்த்தான். டிலுசா நிலத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இவள் இனித் திரும்பி வரமாட்டாள். என்னோட நிக்கட்டும்."

இராசாத்திக்கு விளங்கவில்லை. அவனே விளங்கப்படுத்தினான். பள்ளிக்கூடத்துக்கு வந்து கூட்டம் வைக்கிறார்கள், கூடப் படித்த பிள்ளைகள் இயக்கத்துக்குப் போய்விட்டார்கள், அத்தான் பயந்துபோனார்.

"அப்பாதான் காதுவலி எண்டு சொல்லச் சொன்னவர்" என்றாள் டிலுசா.

"நான் நித்திரை முழிச்சு எண்ணெய் விட்டனேயடி."

"ஓமம்மா."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"பாஸ் கந்தோரில உங்கட முகம் காட்டிக்குடுத்திடும் எண்டு அப்பா சொன்னவர்."

இராசாத்தி சீமெந்துப் படியில் இருந்துவிட்டாள். பிள்ளை தப்பியது பிழையென்று அவளால் சொல்ல முடியவில்லை. முன்பே கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பாளோ, தெரியாது. அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவளுடைய உண்மையை அவளுக்குத் தெரியாமல் எடுத்துச் செலவழித்துவிட்டார்கள்.

"தங்கம்மாக்கா?" என்றாள்.

"மனுசியை என்ன செய்யப்போறாங்கள்? கூப்பிட்டு விசாரிச்சுப்போட்டு விடுவாங்கள்."

"அவாவின்ர கண்?"

றெஜி பையை எடுத்துத் தோளில் போட்டான். "நீயும் நில்லக்கா. எந்த முகத்தோட போகப்போறாய்?" என்றான்.

டிலுசா அழுதுகொண்டு தாயின் கையைப் பிடித்தாள். இராசாத்தி அந்த விரல்களை மெல்லக் கழற்றினாள். "மாமிக்கு உதவியா இரு. வெயிலுக்க திரியாதை" என்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

முள்ளியவளையில் இறங்கி, கொட்டிலுக்குப் போகாமல் நேரே பாஸ் கந்தோருக்குப் போனாள். அதே பெடியன்.

"மகள் எங்க?"

"நிண்டிட்டாள்."

"அப்ப நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"வாறன் எண்டு சொன்னனான். தம்பி, தங்கம்மாக்காவுக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது."

பெடியன் பேனையை மேசையில் போட்டான். "பெத்த தாய்க்குத் தெரியாமல் பிள்ளை நிண்டிட்டுது? நல்ல கதை. நாளைக்குப் பிணை நிண்ட அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

வளவு வாசல் படலையடியில் யாக்கோப்பு காத்துக்கொண்டு நின்றான். "பிள்ளை றெஜியிட்டப் போய்ச் சேர்ந்திட்டாளே?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. அவள் அவனைத் தாண்டிக்கொண்டு தங்கம்மாவின் வீட்டுக்குப் போனாள்.

தங்கம்மா நடந்ததையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நீ உள்ளதைச் சொல்லியிருந்தாலும் நான் நிண்டிருப்பன்" என்றாள். "அதுதானடி எனக்கு ஆத்திரம்."

"அக்கா, எனக்கே சொல்லேல்லை."

"ஒரே கொட்டிலுக்க படுக்கிறனீங்கள்."

"மாதாவாணைக்கு அக்கா."

"போ. போய்ப் புருசனுக்குச் சோத்தைப் போடு."

விடிந்ததும் இருவரும் கந்தோருக்குப் புறப்பட்டார்கள். தங்கம்மா முன்னால் நடந்தாள். ஒழுங்கையில் வேர் தடக்கித் தள்ளாடியபோது இராசாத்தி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். தங்கம்மா கையை இழுத்துக்கொண்டாள். காற்றில் துழாவி வேலியில் நட்டிருந்த கதியால் தடியைப் பிடித்து, ஒவ்வொரு கதியாலாகத் தடவித் தடவி நடந்தாள்.